குழாயில் நீர் பின்னோக்கி வராமல் காக்கும் அமைப்புகள்: சோதனையும் பராமரிப்பும்

குழாயில் நீர் எந்தத் திசையில் ஓடும் என்பதை அழுத்தம்தான் தீர்மானிக்கிறது. தெருவிலுள்ள குடிநீர்க் குழாயில் அழுத்தம் மிகுந்திருக்கும்வரை நீர் வீட்டை நோக்கி வருகிறது. அந்த அழுத்தம் விழுந்துவிட்டால், திறந்து கிடக்கும் எந்த வழியாகவும் வீட்டு நீர் தெருவை நோக்கித் திரும்பிப் போகிறது. போகும்போது சம்பின் அடிச்சேற்றையும், வாளிக்குள் மூழ்கிக் கிடக்கும் ரப்பர் குழாயின் வழியே சோப்பு நீரையும் சேர்த்தே கொண்டுபோகும். இதுவே பின்னோட்டம். தெருக் குழாய் காலியாகி உறிஞ்சுவதாலும் இது நிகழலாம். மோட்டாரோ மேல்நிலைத் தொட்டியோ வெந்நீர்க் கலனோ எதிர்ப்பக்கமாகத் தள்ளுவதாலும் நிகழலாம்.

1969இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியைச் சேர்ந்த 97 பேரில் 90 பேருக்கு ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) தொற்று ஏற்பட்டது. பயிற்சி மைதானத்தின் தெளிப்பான்கள் தரைக்குள் பதிந்த குழிகளில் இருந்தன. அருகில் எரிந்த தீயை அணைக்கத் தீயணைப்பு வீரர்கள் நீரை இழுத்தபோது குழாய் அழுத்தம் விழுந்து, அந்தக் குழிகளில் தேங்கியிருந்த அசுத்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டது. அந்தப் பருவத்து ஆட்டங்கள் இரண்டோடு நின்றுபோயின. அங்கே அழுத்தம் விழுவதற்கு ஒரு தீவிபத்து நேர வேண்டியிருந்தது. நம் ஊர்களிலோ நீர் சில மணி நேரமே விடப்படுகிறது; மற்ற நேரமெல்லாம் தெருக் குழாய் வெறுமையாகவே கிடக்கிறது. போதாக்குறைக்கு, தடை இருந்தும் இணைப்புக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்; அந்த மோட்டார் ஓடும்போது பக்கத்து வீட்டுக் குழாய்களிலும் உறிஞ்சல் உண்டாகிறது. ஆகவே மேலைநாட்டு வழிகாட்டி நூல்கள் அரிய நிகழ்வாகப் பேசும் பின்னோட்டத்தை நாம் அன்றாட நிகழ்வாகவே கருதிப் பராமரிப்பைத் திட்டமிட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நீரை ஒரே திசையில் மட்டும் விடும் ஒருவழி வால்வு பழுதானால் எந்த அறிகுறியும் தெரியாது. குழாயில் நீர் வழக்கம்போல் வரும், அழுத்தமும் குறையாது. எனவே வெளியே நின்று பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எதிர்ப்பக்க அழுத்தத்தைக் கொடுத்துச் சோதித்தால்தான் அதன் நிலை தெரியவரும்.

முதலில் வீட்டின் குழாய்களைப் படித்தல்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, தெரு இணைப்பிலிருந்து தொடங்கி, மீட்டர், சம்ப், மோட்டார், மேல்நிலைத் தொட்டி, சமையலறை, கழிவறை என்று குழாய் போகும் பாதையை வரையுங்கள். லாரித் தண்ணீர் இறக்கும் குழாய், போர்வெல் குழாய், சலவை இயந்திரம், ஆர்.ஓ. கருவியின் கழிவுக் குழாய், தோட்டக் குழாய், சூரிய வெந்நீர்க் கருவி ஆகியவற்றையும் விடாமல் குறிக்க வேண்டும். இரண்டு வேறு நீர்கள் ஒரே குழாயில் சந்திக்கும் ஒவ்வோர் இடத்தையும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். பராமரிப்பு வேலை பெரும்பாலும் அந்த வட்டங்களில்தான் இருக்கும்.

பழைய வீடுகளில் இரண்டு வட்டங்கள் ஏறக்குறைய நிச்சயமாக விழும். ஒன்று, போர்வெல் மோட்டாரும் சம்ப் மோட்டாரும் மேல்தொட்டிக்கு ஒரே ஏற்றுக் குழாயைப் பகிர்ந்துகொள்ளும் இடம். சம்ப் மோட்டாரின் ஒருவழி வால்வு கசிந்து, உறிஞ்சு குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வும் பிடிக்காமல் போனால், போர்வெல் ஓடும்போது உப்பு நீர் சம்புக்குள் இறங்கிக்கொண்டேயிருக்கும். மற்றொன்று, தெருக் குழாயிலிருந்து சமையலறைக்கு நேராக வரும் குழாயை மேல்தொட்டிக் குழாயோடு இணைத்து நடுவில் ஒரு கேட் வால்வு மட்டும் வைத்திருக்கும் பைபாஸ். கேட் வால்வுக்குத் திசை தெரியாது. அதன் தகடு தேய்ந்தால் இருபுறமும் கசியும். இரவில் யாரும் குழாயைத் திறக்காமலே மேல்தொட்டியின் மட்டம் இறங்கினாலோ, விநியோகம் இல்லாத நேரத்தில் மீட்டர் முள் பின்னோக்கிச் சுற்றினாலோ, அந்த பைபாஸின் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். அதைச் சீர்செய்வதைவிட, நடுத்துண்டை அறுத்தெடுத்து இருமுனைகளையும் எண்ட் கேப் போட்டு அடைத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

மறைவான இணைப்புகளைக் கண்டுபிடிக்க, நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் பெரிதும் உதவுகிறது. போர்வெல் நீருக்கும் குடிநீர் வாரிய நீருக்கும் உப்பளவில் பெரிய வேறுபாடு இருக்கும் பகுதிகளில், இரண்டையும் தனித்தனியே அளந்து எழுதிக்கொண்டு, போர்வெல் மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு சமையலறைக் குழாயிலும் சம்பிலும் மீண்டும் அளக்க வேண்டும். எண் ஏறியிருந்தால் எங்கோ ஒரு வால்வு விட்டுக்கொடுக்கிறது என்று பொருள். இரு நீருக்கும் வேறுபாடு குறைவாக உள்ள இடங்களில், குடிக்கப் பயன்படாத தொட்டியில் உணவு நிறமியைக் கரைத்து, அந்த நிறம் வேறெங்காவது வருகிறதா என்று பார்க்கலாம்.

காற்று இடைவெளி

பின்னோட்டத்தைத் தடுக்கும் அமைப்புகளில், அசையும் பகுதி எதுவும் இல்லாதது காற்று இடைவெளி. நீர் விழும் குழாயின் வாய்க்கும், தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கும் நடுவே வெறும் காற்று இருந்தால், எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் உள்ளே போகும். இந்த இடைவெளி குழாயின் உள்விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். எவ்வளவு சிறிய குழாயாக இருந்தாலும் 25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 20 மி.மீ. குழாய்க்கு 40 மி.மீ., 25 மி.மீ. குழாய்க்கு 50 மி.மீ. என்று கணக்கு வரும்.

சம்ப் மூடியைத் திறந்து அளந்து பார்த்தால், பல வீடுகளில் இந்த இடைவெளி இருக்காது. நீர் விழும் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்றோ, தெருவில் அழுத்தம் போதவில்லையென்றோ, உள்வரும் குழாயில் ஒரு எல்போவும் நீளத் துண்டும் சேர்த்துச் சம்பின் அடிவரை இறக்கியிருப்பார்கள். குழாயின் வாய் நீருக்குள் மூழ்கிய அந்த நிலையில், தெருக் குழாய் காலியாகும்போது சம்ப் முழுவதும் உறிஞ்சிக் குடிக்கும் டம்ளராகிவிடுகிறது. நீளத் துண்டைக் கழற்றி எடுப்பதே தீர்வு. எடுத்தால் நீர் ஏறாது என்ற அளவுக்கு அழுத்தம் குறைந்த இடமென்றால், முழு நீர்மட்டத்துக்கு மேலே குழாயில் ஒரு காற்றுத் துளையாவது இட வேண்டும். இது முழுத் தீர்வு ஆகாது, அதோடு ஒருவழி வால்வும் தேவை.

இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, அது நிலைத்திருக்குமா என்றும் பார்க்க வேண்டும். மிதவை வால்வின் வாஷர் தேய்ந்து மூடாமல் போனால் நீர்மட்டம் ஏறி இடைவெளியை விழுங்கிவிடும். வழியும் குழாய் உள்வரும் குழாயைவிடப் பெரியதாகவும், அடைப்பின்றியும், கொசு வலை கட்டப்பட்டும் இருக்க வேண்டும். வழியும் குழாயின் மறுமுனை சாக்கடைக்கோ மழைநீர் வடிகாலுக்கோ நேராக இணைக்கப்பட்டிருந்தால், அதுவே ஒரு பின்னோட்ட வழியாகிவிடுகிறது. வடிகால் நிரம்பும் மழைநாளில் கழிவுநீர் அந்த வழியாகச் சம்புக்குள் வரும். முனையை வடிகாலின் மேல் விளிம்புக்கு உயரே வெட்டித் திறந்தபடி விட வேண்டும்.

மேல்நிலைத் தொட்டியில் இன்னொரு காற்று வழி உண்டு. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், கேட் வால்வுக்கு அடுத்து மேல்நோக்கிச் செல்லும் மெல்லிய குழாய் ஒன்று திறந்த வாயுடன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியைக் கழுவ கேட் வால்வை மூடியிருக்கும்போது கீழ்வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால், இறங்கு குழாயில் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்பக் காற்றைத் தருவது அதுதான். அது இல்லையென்றால், மேல்வீட்டுக் கழிவறையில் வாளிக்குள் கிடக்கும் ஹெல்த் ஃபாசெட்டின் வழியே வாளி நீர் கீழ்வீட்டுக் குழாய்க்கு இறங்கக்கூடும். அதன் முனை தொட்டியின் முழு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, பறவைக் கூடோ குளவி மண்ணோ அடைத்திருக்கிறதா என்று தொட்டி கழுவும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். எப்போதோ நீர் தெறித்ததென்று மூடி போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு; அந்த மூடியை அகற்றிவிடுங்கள்.

ஒருவழி வால்வு: சோதனை

கடையில் என்.ஆர்.வி. என்று கேட்டால் தருவது இந்த ஒருவழி வால்வுதான். வீடுகளில் இரண்டு வகை பெரும்பாலும் காணப்படுகின்றன. கீலில் தொங்கும் தகடு நீரின் தள்ளுதலால் திறந்து, தன் எடையாலும் எதிர் அழுத்தத்தாலும் மூடுவது ஸ்விங் வகை. இதைப் படுக்கை நிலையில் மூடி மேற்புறம் இருக்குமாறும், செங்குத்துக் குழாயில் நீர் மேல்நோக்கிப் போகுமாறும் மட்டுமே பொருத்த வேண்டும். கீழ்நோக்கிப் பாயும் குழாயில் பொருத்தினால் தகடு எப்போதும் திறந்தே தொங்கும். ஸ்பிரிங் வகையை எந்த நிலையிலும் பொருத்தலாம். ஆனால் அதில் சிறிது அழுத்தம் செலவாகும், மணலுக்கும் அது எளிதில் சிக்கும். எதுவானாலும் உடலில் வார்க்கப்பட்ட அம்புக்குறி நீர் போகும் திசையைக் காட்ட வேண்டும். பித்தளை வால்வு வாங்கும்போது ஐ.எஸ். 778 என்ற குறியையும், ஃபுட் வால்வு வாங்கும்போது ஐ.எஸ். 4038 என்ற குறியையும் பார்த்து வாங்குவது நல்லது.

சோதிக்க வசதியாக வால்வை அமைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தெருப்பக்கத்திலிருந்து கேட் வால்வு, மூன்று வாயுள்ள ஒரு டீ இணைப்பில் 15 மி.மீ. சோதனைக் குழாய், ஒருவழி வால்வு, கழற்றி மாட்ட உதவும் யூனியன் இணைப்பு, மறுபடி ஒரு கேட் வால்வு என்ற வரிசை சிறந்தது. சோதிக்கும்போது வீட்டுப்பக்கத்தில் அழுத்தம் இருக்க வேண்டும். மூன்று மாடி உயரத்துத் தொட்டி நீர் அந்தக் குழாயில் நின்றால் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும், ஏனெனில் 10 மீட்டர் நீர் உயரம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சமம். தெருப்பக்கத்துக் கேட் வால்வை மூடிவிட்டுச் சோதனைக் குழாயைத் திறந்தால், குழாயில் நின்ற கொஞ்சம் நீர் வடிந்து நின்றுவிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்தும் சொட்டிக்கொண்டிருந்தால் இரண்டில் ஒன்று கசிகிறது. ஒருவழி வால்வுக்கு அடுத்துள்ள கேட் வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போது சொட்டு நின்றால் குற்றம் ஒருவழி வால்வினுடையது. நிற்காவிட்டால் தெருப்பக்கத்துக் கேட் வால்வு மூடவில்லை என்று கொள்ளலாம்.

மோட்டாரின் ஏற்றுக் குழாயிலுள்ள வால்வுக்குச் சோதனைக் குழாய் தேவையில்லை. மோட்டாரைவிடத் தாழ்வாகச் சம்ப் இருக்கும் அமைப்பில், மோட்டாரை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிரைமிங் நீர் (மோட்டார் இழுக்கத் தொடங்குவதற்காக நிரப்பும் நீர்) ஊற்றும் திருகை மெல்லத் தளர்த்துங்கள். சிறிதளவு நீர் வழிந்து நின்றால் வால்வு பிடிக்கிறது. விடாமல் பீறிட்டால் ஏற்றுக் குழாயின் நீர் திரும்பி வருகிறது. 25 மி.மீ. குழாய் பத்து மீட்டர் உயரம் நின்றால் அதில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் நீர் இருக்கும். ஐந்து லிட்டருக்கு மேலும் வந்துகொண்டே இருந்தால், ஏற்றுக் குழாய் தொட்டியின் அடியில் நுழைந்திருக்கிறது, தொட்டியே காலியாகிறது என்று அறியலாம். மோட்டாரை நிறுத்திய கணத்தில் பின்புற விசிறி எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்: சுற்றினால் ஒருவழி வால்வும் ஃபுட் வால்வும் சேர்ந்தே கைவிட்டுவிட்டன.

பிரித்துச் சுத்தம் செய்தல்

மின்சாரத்தை எம்.சி.பி.யில் நிறுத்துங்கள், இருபக்கக் கேட் வால்வுகளையும் மூடி, சோதனைக் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே ஸ்பேனரைக் கையில் எடுங்கள். ஸ்விங் வால்வின் மேல்மூடியைக் கழற்றும்போது உடலை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளாவிட்டால், திருகும் விசை பி.வி.சி. குழாயின் இணைப்பில் இறங்கி அதை உடைத்துவிடும்.

மூடியைத் திறந்ததும் தகட்டையும் அது உட்காரும் வளையத்தையும் டார்ச் ஒளியில் பாருங்கள். நீங்கள் எதிர்பார்ப்பது மணலும் துருவுமாக இருக்கும். பல நேரங்களில் கிடைப்பதோ டெஃப்லான் டேப்பின் நூலும், குழாய் அறுத்தபோது உள்ளே விழுந்த பி.வி.சி. சீவலும். நகத்தளவு டேப் துண்டு ஒன்று வளையத்தின் குறுக்கே படுத்திருந்தால் போதும், தகடு ஒருபோதும் முழுதாக மூடாது. அதனால்தான் வீட்டில் குழாய் வேலை எது நடந்தாலும், முடிந்த மறுநாள் ஒருவழி வால்வுகளைச் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

உப்புப் படிவு வெண்மையாகப் படர்ந்திருந்தால், தகட்டையும் மூடியையும் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்து மென்மையான பிரஷால் தேய்த்தால் போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அது பித்தளையை அரிக்கும், வளையத்தைச் சொரசொரப்பாக்கும். ரப்பர் முகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: பள்ளம் உடனே மறைந்தால் நல்ல ரப்பர், தழும்பாக நின்றாலும், விளிம்பில் வெடிப்பு தெரிந்தாலும், வளையத்தின் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தாலும் மாற்றுங்கள். உட்காரும் வளையத்தில் கீறல் இருந்தால் எமரித் தாளால் தேய்த்துச் சமன் செய்ய முயல வேண்டாம், முழு வால்வையும் மாற்றிவிடுவதே சிக்கனம். கீல் ஊசி தேய்ந்து தகடு பக்கவாட்டில் ஆடினாலும் அப்படியே. எந்த ரப்பருக்கும் மோட்டார் ஆயிலோ வாசலினோ பூசக் கூடாது. பூசத்தான் வேண்டுமென்றால் குடிநீருக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் மட்டும். ஸ்பிரிங் வகையில் பெரும்பாலும் உட்பகுதியைப் பிரிக்க முடியாது. கழற்றிக் கழுவி, வாயால் இருபக்கமும் ஊதிப் பார்த்து, எதிர்ப்பக்கம் காற்று போனால் தூக்கி எறிந்துவிடலாம்.

மீண்டும் பொருத்தும்போது அம்புக்குறியை மறுமுறையும் பாருங்கள், டேப்பை முதல் புரியை விட்டுவிட்டுச் சுற்றுங்கள், கேட் வால்வை மெல்லத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். அதன்பின் முன்பு செய்த அதே சோதனையை மறுபடி செய்து முடித்தால்தான் பராமரிப்பு முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

ஃபுட் வால்வைச் சோதிப்பது எளிது. மேலே எடுத்து, வடிகட்டியில் சிக்கிய வேரையும் பாசியையும் நீக்கி, நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து நீரை ஊற்றினால் நீர் நிற்க வேண்டும்.

மோட்டார் நிற்கும்போது குழாயில் டமாரென்று அடிக்கும் ஒலி கேட்டால், ஸ்விங் தகடு தாமதமாக மூடுகிறது. திரும்பி வரத் தொடங்கிய நீர் அதை அறைகிறது. உயரமான கட்டடங்களில் இந்த அறைதலே இணைப்புகளைத் தளர்த்திவிடும். அங்கே ஸ்பிரிங் வகைக்கு மாற வேண்டும்.

கீஸரின் குளிர்நீர் நுழைவாயிலில் உள்ள வால்வைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். அது ஒருவழி வால்வும் அழுத்தம் விடுவிக்கும் வால்வும் சேர்ந்த ஒன்று. நீர் சூடாகி விரியும்போது பின்னோக்கிப் போக வழியில்லாததால், கூடுதல் அழுத்தம் அந்த வால்வின் சிறு வாய் வழியே சொட்டாக வெளியேறுகிறது. சுவர் நனைகிறதென்று அந்த வாயை எம்-சீல் வைத்து அடைப்பது கலனை வெடிக்கச் செய்யும் அளவுக்கு ஆபத்தானது. மாதம் ஒருமுறை நீர் குளிர்ந்திருக்கும்போது அதன் நெம்புகோலைத் தூக்கி, நீர் வந்து, விட்டதும் நிற்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து ஒழுகினால் புதியது போடுங்கள்.

அடுக்ககங்களில்

கழிவுநீரைச் சுத்திகரித்து ஃபிளஷ் தொட்டிகளுக்கு அனுப்பும் வளாகங்களில், சுத்திகரிப்பு நின்றுபோகும் நாளுக்காக நல்ல நீர்க் குழாயை அந்தக் குழாயோடு இணைத்து வைப்பார்கள். “இரண்டு என்.ஆர்.வி. போட்டிருக்கிறோம்” என்று ஒப்பந்ததாரர் சொன்னாலும் அதை ஏற்க வேண்டாம். இரண்டும் ஒரே மணலால், ஒரே வாரத்தில் பழுதாகலாம். நல்ல நீர் அந்தத் தொட்டிக்குள் மேலிருந்து காற்று இடைவெளி விட்டு விழ வேண்டும். இரு குழாய்களுக்கும் வேறு நிறம் பூசி, திசையையும் எழுதி வைக்க வேண்டும்.

ரசாயனம் கையாளும் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் பொருத்தப்படும் ஆர்.பி.இசட். என்ற கருவியில் இரண்டு ஒருவழி வால்வுகளும், அவற்றின் நடுவே ஒரு வடிகால் வால்வும் இருக்கும். முதல் வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு 2 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு) குறைவதற்கு முன்பே வடிகால் வால்வு திறந்து, நடுவிலுள்ள நீரைக் கொட்டிவிட வேண்டும். பயிற்சி பெற்றவர் வேறுபாட்டு அழுத்தமானியைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் சோதிக்க வேண்டும். எப்போதாவது விழும் சில சொட்டு அழுத்த ஏற்ற இறக்கத்தால் வருவது. தொடர்ந்து ஊற்றினால் முதல் வால்வில் அழுக்கு சிக்கியிருக்கக்கூடும். மழைநீர் தேங்கும் குழிக்குள் இந்தக் கருவியை வைத்தால், வடிகால் வாயே அசுத்த நீரை உள்ளே விடும் வழியாகிவிடும்.

கால இடைவெளியும், பழுது நேர்ந்த பின் செய்ய வேண்டியதும்

தொட்டி கழுவும் வழக்கத்தோடு சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வுகளையும் சோதித்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். மணல் வரும் போர்வெல் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சோதித்த தேதியையும் கண்டதையும் ஒரு அட்டையில் எழுதி மோட்டார் பெட்டிக்குள் ஒட்டிவைத்தால், பிளம்பர் மாறினாலும் வாட்ச்மேன் மாறினாலும் விவரம் தொலையாது. விநியோகம் தொடங்கும்போது வரும் முதல் சில நிமிட நீரைச் சம்புக்குள் விடாமல், நிறமும் வாடையும் பார்த்து வெளியே விடும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்; பக்கத்து வீட்டுப் பின்னோட்டம் உங்கள் வீட்டுக்கு வருவது அந்த முதல் நீரில்தான்.

அசுத்த நீர் உள்ளே வந்துவிட்டதாகத் தெரிந்தால், அல்லது 2015, 2023 டிசம்பர்களில் சென்னை கண்டதுபோல் வெள்ளம் சம்பை மூழ்கடித்தால், குடிக்கவும் சமைக்கவும் அந்த நீரை நிறுத்திவிட்டு, தெரு இணைப்பை மூடி, குடிநீர் வாரியத்துக்குத் தெரிவியுங்கள். சம்பையும் மேல்தொட்டியையும் காலிசெய்து தேய்த்துக் கழுவி, நல்ல நீரை நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் வீதம், 33 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் சேருங்கள். இது லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் குளோரின். வீட்டின் ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, இரவு முழுவதும் அப்படியே விட்டு, மறுநாள் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். ஒருவழி வால்வுகளைப் பிரித்துக் கழுவிச் சோதித்த பிறகே தெரு இணைப்பைத் திறக்கலாம். புதிய நீர் நிரம்பியதும் கடைக்கோடிக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சோதனைப் பெட்டியால் பாருங்கள். ஆய்வகத்துக்கு நீர் கொடுக்கும்போது அவர்கள் தரும் கிருமி நீக்கிய புட்டியிலேயே பிடித்துக் கொடுங்கள். 100 மில்லிலிட்டரில் கோலிஃபார்ம் பாக்டீரியா எதுவும் இல்லை என்ற அறிக்கை வரும்வரை கொதிக்கவைத்த நீரையே குடியுங்கள்.